ஓவன் இல்லாத குசினியில் கேக்கும் பாணும்

முதல் கேக்கின் அடி கருகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டியில் கேக் சுடலாம் என்று எங்கோ கேள்விப்பட்டு ஆசையாக இறங்கி, ஒரு தடவை கரியாகிப் போனதும் "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று விட்டவர்கள் எங்கள் லயத்திலேயே (மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். எனக்கு முதல் இரண்டும் கருகின. இரண்டாவதில் கருகிய அடியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டோம், மோசமில்லை. மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அந்த இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்சார ஓவன் வாங்கலாமே என்று கேட்பீர்கள். சின்ன ஓவன்கூட ஆயிரத்துச் சொச்சம் வாட் இழுக்கும். பழைய லயத்து வயரிங்கில் அதைப் போட்டு, அதே நேரம் யாராவது ஸ்திரிக்கைப் பெட்டியையும் போட்டால் இருட்டுத்தான். காஸ் ஓவனைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2022இல் நாடே சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் விறகு அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. நான் இதைப் பழகியது அந்த வருடம்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது

ஓவன் என்பது பெரிய மாயமில்லை, சூடான பெட்டி, அவ்வளவுதான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி 170, 180 பாகைக்கு வறண்ட சூடு. அடுப்பில் வைத்த சட்டியில் நடப்பது வேறு: அடியில் கொதிக்கிற சூடு, பக்கத்தில் சுமாரான சூடு, மேலே மூடியில் ஈரம். அதனால்தான் கேக் அடியில் கருகி, நடுவில் பச்சையாக, மேலே வியர்த்த முகம் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. ஆக வேலை இரண்டே இரண்டு. அடிச் சூட்டை மட்டுப்படுத்த வேண்டும், மேலிருந்து சூடு கொடுக்க வேண்டும்.

மேல்சூடு புதிய கண்டுபிடிப்பும் இல்லை. எங்கள் பாட்டி அப்பம் சுடும்போது சட்டி மூடியின் மேல் தணல் அள்ளி வைப்பார், சின்ன வயதில் அது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கேக்கும் பாணும் அதே கணக்குத்தான். மேலே பொன்னிறம் வருவதற்கு மாவின் தோல் 140 பாகையைத் தாண்டவேண்டும். ஈரம் இருக்கும் வரை அது தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கு மேல் போகாது. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் இங்கே ஆவியில் அவித்த கேக் இன்னும் வெளிறித்தான் வரும். அவித்த கேக் பிடித்தவர்கள் அவித்துக்கொள்ளுங்கள், நான் சுடுவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எந்தச் சட்டி

கனமான சட்டி வேண்டும். பழைய இரும்புச் சட்டி இருந்தால் அதைவிட நல்லது இல்லை, இல்லாவிட்டால் தடித்த அலுமினியக் கிடாரம். கேக் தட்டை உள்ளே வைத்தால் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும், மேலே நான்கு விரல். மெல்லிய அலுமினியச் சட்டி தணலில் நெளிந்துபோகும், ஒரு தடவை நெளிந்தால் மூடி பொருந்தாது, மூடி பொருந்தாவிட்டால் சூடு நிற்காது.

மூடி தட்டையாக, விளிம்பு மேலே எழும்பி இருந்தால் தணல் கொட்ட வசதி. வளைந்த மூடிதான் இருக்கிறது என்றால் அதைக் கவிழ்த்துப் போடுங்கள், குழிக்குள் தணல் நிற்கும். ஆனால் பிடி உள்பக்கம் போகும், பிளாஸ்டிக் பிடி என்றால் கழற்றிவிடுங்கள், கேக் மேல் உருகி விழுந்த கதை ஒன்று எனக்குத் தெரியும், அது என்னுடைய கதைதான். இரும்புத் தோசைக்கல்லை மூடியாக வைப்பது இன்னும் லேசு.

மூடிக்கு எதைப் போடக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் கையில் அகப்படுவது கூரைத் தகரம். அதில் பூசியிருக்கும் துத்தநாகம் நல்ல தணலில் புகையும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அஸ்பெஸ்டஸ் துண்டு அதைவிட மோசம், சூட்டில் வெடித்துச் சிதறும், தூள் மூச்சில் போகும். இரண்டையும் அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டிகளும் வெறும் சூட்டில் நெடுநேரம் கிடக்கச் செய்தவை அல்ல.

பிரஷர் குக்கரில் வாஷரையும் விசிலையும் கழற்றிவிட்டு, தண்ணீர் இல்லாமல் மணல் போட்டுக் கேக் சுடுகிறவர்கள் நிறையப் பேர். கேக் வரும், வராமல் இல்லை. ஆனால் குக்கர் தண்ணீரோடு வேலை செய்யச் செய்த சாமான். வெறும் சூட்டில் அடிக்கடி வைத்தால் அதன் பாதுகாப்பு வால்வு கெட்டுப்போகும், அடிப்பாகமும் பழுதாகும், அப்புறம் பருப்பு அவிக்க வைக்கிற அன்றைக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பழைய, இனிச் சமையலுக்கு எடுக்கவே மாட்டோம் என்கிற குக்கர் என்றால் சரி. நல்ல குக்கரைக் கெடுக்காதீர்கள்.

சட்டியின் அடியில் ஒன்றரை விரல் உயரத்துக்கு மணல். ஆற்று மணலை நாலைந்து தண்ணீரில் அலசி, சலித்து, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, அப்புறம் ஒரு தடவை வெறும் சட்டியில் வறுத்து எடுத்து வையுங்கள். ஈர மணல் ஆவி விடும், ஓவன் கிடைப்பதற்குப் பதில் இட்லிச் சட்டி கிடைக்கும். மணலுக்குப் பதில் கல் உப்புப் போடலாம், பல பேர் அதைத்தான் சொல்வார்கள், 2025இல் உப்புக்குக் கடை கடையாக அலைந்த பிறகு ஒரு கிலோ உப்பை அடுப்பில் வறுக்க எனக்கு மனம் வரவில்லை. மணல் சும்மா கிடைக்கிறது, வருடக் கணக்கில் அதையே பாவிக்கலாம்.

மணலுக்கு மேல் தட்டை நேரடியாக வைக்காதீர்கள். ஒரு இரும்பு வளையம், இல்லாவிட்டால் ஒரே உயரத்தில் மூன்று சின்னக் கல். கல் காய்ந்ததாக இருக்கட்டும், ஆற்றிலிருந்து நேரே எடுத்த ஈரக் கல் சூட்டில் வெடிக்கும். தட்டு மட்டமாக இருக்கிறதா என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, துடைத்துவிட்டு, அப்புறம் மா ஊற்றுங்கள். எங்கள் வீட்டு அடுப்பே ஒரு பக்கம் சரிவு, மலைநாட்டில் எந்த அடுப்பு நேராக இருக்கிறது.

நெருப்பு

இங்கே எல்லோருக்கும் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, கிடைக்கும். மிலாறு நன்றாகப் பிடிக்கும், சடசடவென்று எரியும், பத்து நிமிடத்தில் சாம்பலாகிவிடும். தண்ணீர் கொதிக்கவைக்க அது போதும், பேக்கிங்குக்குப் போதாது. நமக்கு வேண்டியது சுவாலை இல்லை, தணல். ஆகவே மிலாற்றில் பற்றவைத்து, அதன்மேல் மணிக்கட்டுப் பருமனில் காய்ந்த கட்டை நாலு வைத்து, அது எரிந்து சிவந்து நிற்கும் வரை பொறுக்கவேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். தேங்காய்ச் சிரட்டை சேர்ந்தால் இன்னும் நல்லது, சிரட்டைத் தணல் சின்னதாக, சூடாக, நின்று எரியும். மூடிக்கு மேல் வைக்க அதைவிடத் தோதான தணலை நான் பார்க்கவில்லை. சிரட்டையை எறியாமல் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள், பத்துப் பன்னிரண்டு சிரட்டை ஒரு கேக்குக்குக் காணும்.

பழகாத கைக்கு ஒரு யோசனை. கேக்குக்கு முதல் ஒரு வாரம் உருளைக்கிழங்கு சுட்டுப் பாருங்கள். வெலிமடைக் கிழங்கு நடுத்தரமாக நாலு எடுத்து, வெறும் சட்டிக்குள் மணல் மேல் கல் வைத்து, தட்டில் அடுக்கி, கீழே தணல், மேலே தணல், மூடிவிட்டு முக்கால் மணி நேரம். கிழங்கு தோல் சுருங்கி, உள்ளே பொலபொலவென்று வந்தால் உங்கள் தணல் சரி. ஒரு பக்கம் மட்டும் கருகினால் அந்தப் பக்கம் தணல் அதிகம். கெட்டால் நாலு கிழங்கு போகும், முட்டையும் மாஜரினும் போகாது. சம்பலோடு சாப்பிட நல்ல இரவுச் சாப்பாடும் ஆயிற்று.

தணல் பங்கு: கீழே ஒரு பங்கு என்றால் மேலே இரண்டு பங்கு. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள், ஏனென்றால் அடுப்பு என்றால் கீழே எரிவது என்று கைக்குப் பழக்கம். கீழே உள்ள தணலையும் நடுவில் குவிக்காமல் சட்டியின் விளிம்பை ஒட்டி வட்டமாகப் பரப்புங்கள். மேலேயும் அப்படியே, விளிம்பில் அதிகம், நடுவில் நாலு துண்டு.

இன்னொன்று, இதை யாரும் விளையாட்டாக எடுக்கக்கூடாது. தணல் புகையாவிட்டாலும் அதிலிருந்து காபன் மொனொக்சைட் வரும், மணமும் இல்லை, கண்ணும் எரியாது, தலை கிறுகிறுக்கும்போது நேரம் தப்பியிருக்கும். நம் பக்கத்தில் குளிருக்குக் கதவையும் யன்னலையும் இறுக்கிச் சாத்துவதும், மீதித் தணலைக் காம்பராவுக்குள் (அறைக்குள்) கொண்டுவந்து குளிர் காய்வதும் வழக்கம். வேண்டாம். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) அல்லது வெளியே மூன்று கல் வைத்துச் சுடுங்கள், குசினிக்குள் என்றால் கதவு திறந்தே இருக்கட்டும். மழைச் சாரல் தணலில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூட்டை எப்படி அளப்பது

வெப்பமானி தேவையில்லை. என் தாத்தா துரை பங்களா குசினியில் வேலை செய்தவர், விறகு ஸ்டவ்வில் துரைக்குக் கேக் சுட்டவர், அவர் கையை உள்ளே நீட்டிவிட்டுச் சரி என்பார், எனக்கு அந்தக் கை வரவில்லை. நான் மா வைத்துப் பார்க்கிறேன். ஒரு டின் மூடியில் ஒரு தேக்கரண்டி கோதுமை மாவைப் பரப்பி, சூடான சட்டிக்குள் வைத்து மூடி, ஐந்து நிமிடம். மா பொன்னிறமாக மாறியிருந்தால் கேக்குக்குச் சரியான சூடு. வெள்ளையாகவே இருந்தால் இன்னும் தணல் வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்திலேயே பழுப்பாகி மணம் வந்துவிட்டால் சூடு அதிகம், அது பாணுக்கு ஆகும், கேக்குக்கு ஆகாது. கொஞ்சம் தணலை இழுத்துவிட்டுப் பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் சோம்பல்பட்டு விட்டதுதான் என் இரண்டாவது கேக் கருகியதற்குக் காரணம்.

மாவைத் தட்டில் ஊற்றுவதற்கு முன்பே சட்டி சூடாகி இருக்கவேண்டும். மணல் சூடேற இருபது நிமிடத்துக்குக் குறையாது.

முதல் கேக்

பட்டர் கேக்கில் தொடங்குங்கள். ரிச் கேக், லவ் கேக் எல்லாம் அப்புறம், அவை மணிக்கணக்கில் மெதுவான சூட்டில் நிற்கவேண்டியவை, முந்திரியும் விலை.

ஏழு அங்குலத் தட்டுக்கு நான் எடுப்பது: கோதுமை மா 200 கிராம், சீனி 150 கிராம், பட்டர் அல்லது மாஜரின் 125 கிராம், முட்டை 3, பால் 100 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டி வெனிலா, உப்பு ஒரு சிட்டிகை, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. தராசு இல்லாவிட்டால் 200 மில்லிலீற்றர் பிடிக்கிற தேத்தண்ணிக் கப்பில் மா தளர்வாக இரண்டு கப்புக்குக் கொஞ்சம் குறைய, சீனி ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைய.

இந்த அளவில் பேக்கிங் பவுடர் குறைவாக இருக்கிறதே என்று கேக் செய்து பழகியவர்கள் கேட்பார்கள். கொழும்பில் இதே மாவுக்கு நான் இரண்டு தேக்கரண்டி போடுவேன். நாம் இருப்பது மலை. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர், நுவரெலியா 1868 மீற்றர், அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் மாவுக்குள் உண்டாகிற வாயு அதிகமாக விரியும், கேக் வேகமாகப் பொங்கும், உள்ளே வேகி இறுகுவதற்கு முன்னமே பொங்கிவிட்டு நடுவில் குழி விழுந்துவிடும். சமையல் குறிப்பை அப்படியே பார்த்துச் செய்தும் கேக் அமுங்கிப்போகிறது என்று நம் பக்கத்துப் பெண்கள் சொல்வது அவர்கள் கைக்குறை இல்லை, மலைக்குறை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை உயரத்துக்குப் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள். நுவரெலியாவில் இன்னும் ஒரு சிட்டிகை குறைத்தாலும் பிழையில்லை. சீனியையும் ஒரு மேசைக்கரண்டி குறைத்து, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள், மலையில் ஈரம் சீக்கிரம் காயும். நான் கொடுத்த அளவில் இதையெல்லாம் செய்தாகிவிட்டது. பதுளையில் இருப்பவர்கள், அது 700 மீற்றருக்கும் கீழே, இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை, சாதாரண அளவையே வைத்துக்கொள்ளலாம்.

குளிரில் மாஜரின் கல்லாக இருக்கும். கரண்டியால் குத்திக்கொண்டு நிற்காமல், பாத்திரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து மெதுவாக்குங்கள், உருக விடாதீர்கள். முட்டையையும் ஐந்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு வைத்தால் கலவை திரியாது. மாஜரினையும் சீனியையும் மரக்கரண்டியால் வெளிறி நுரைக்கும் வரை அடியுங்கள், கையால் என்றால் பதினைந்து நிமிடம், தோள் வலிக்கும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முறை வைத்து அடிக்கச் சொல்லலாம். பிறகு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் இரண்டு தடவை சலித்து, பாலோடு மாற்றி மாற்றிச் சேருங்கள். மா சேர்ந்த பிறகு அடிக்கக்கூடாது, கீழிருந்து மேலாகப் புரட்டிக் கலந்தால் போதும். தட்டில் எண்ணெய்த் தாள் போட்டு, அரைக்கு மேல் கொஞ்சம் வரும் வரை மட்டும் ஊற்றுங்கள்.

சட்டிக்குள் வைத்து மூடிய பிறகு முப்பது நிமிடம் திறக்கவே கூடாது. திறந்து பார்க்காமல் இருப்பதுதான் இதில் மிகக் கஷ்டமான வேலை, மணம் வேறு வரும். திறந்தால் மேல்சூடு மொத்தமும் போய்விடும், மூடியில் இருக்கிற சாம்பலும் கேக்கில் கொட்டும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: மூடியில் உள்ள தணல் சாம்பல் பூத்துவிட்டால் இடுக்கியால் தட்டிவிட்டு இரண்டு மூன்று புதுத் துண்டு வைப்பது. கீழே பெரும்பாலும் எதுவும் சேர்க்கத் தேவையிராது, மணல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

நாற்பது நிமிடம் ஆனதும் சாம்பலை ஊதித் தள்ளிவிட்டு மூடியை நேரே மேலே தூக்கிப் பாருங்கள், சாய்க்காதீர்கள். புது ஈர்க்கு ஒன்றைக் கழுவி நடுவில் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வரவேண்டும். என் அடுப்பில் நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நிமிடம் வரை ஆகிறது, மழை நாளில் இன்னும் கொஞ்சம். மேலே இன்னும் வெளிறி இருந்தால் கீழ்த் தணல் முழுவதையும் இழுத்துவிட்டு, மேலே மட்டும் புதுத் தணல் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

காஸ் அடுப்பு மட்டும் இருக்கிறவர்கள் மேலே தணல் வைக்க முடியாது. அவர்கள் மணலை இரண்டு விரலாகக் கூட்டி, மிகச் சின்ன நெருப்பில், மூடியை உள்பக்கம் ஒரு பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டி வையுங்கள், ஆவி துணியில் பிடிக்கும், கேக்கில் சொட்டாது. துணி முனையை மேலே முடிந்துவிடுங்கள், தொங்கினால் பற்றும். மேலே நிறம் குறைவாகத்தான் இருக்கும். இருபது நிமிடம் ஒரு இரும்புத் தோசைக்கல்லைத் தனியே காயவைத்து, கடைசியில் துணியையும் மூடியையும் எடுத்துவிட்டு அந்தக் கல்லால் மூடினால் கொஞ்சம் நிறம் வரும். கல்லை இறக்கும்போது தடித்த துணி இரண்டு மடங்கு.

பாண்

பாட்டுப் போட்டுக்கொண்டு சூன்பாண் ஆட்டோ மேல் தோட்டம் வரைக்கும் வருகிற நாளில் யாரும் வீட்டில் பாண் சுட மாட்டார்கள். மண்சரிந்து பாதை அடைபட்ட நாளில்தான் நினைவு வரும். அன்றைக்குத்தான் பழகுவேன் என்று நிற்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிவையுங்கள்.

கடைப் பாண் ஒன்று 450 கிராம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. அதே அளவு வீட்டில் வர, கோதுமை மா 300 கிராம், தண்ணீர் 185 மில்லிலீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, மாஜரின் ஒரு மேசைக்கரண்டி. பிசைந்தால் ஏறக்குறைய 500 கிராம் வரும், சுடும்போது தண்ணீர் ஆவியாகி ஐம்பது கிராம் போகும்.

தண்ணீர் கை பொறுக்கிற இளஞ்சூடு. குளிர் என்று கொதிநீரை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், 60 பாகைக்கு மேல் அது தாங்காது. ஈஸ்ட்டையும் சீனியையும் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், நுரை வராவிட்டால் ஈஸ்ட் பழசு, மாவைக் கெடுக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம். நுரைத்தால் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். ரொட்டிக்குப் பிசைகிற மாதிரி உருட்டி விட்டால் போதாது, உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி, மாவைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் மெல்லிய தோலாக விரியவேண்டும். பல்லாண்டு தோட்டத்து ரொட்டி தட்டிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை, தேங்காய்ப்பூ மட்டும் இல்லை.

எழும்புவதற்குக் குறிப்புகளில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது கீழ்நாட்டுக் கணக்கு. நுவரெலியாவின் சராசரி 16 பாகை, அந்தக் குளிரில் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரண்டு மடங்கு ஆனால் சரி. சீக்கிரம் வேண்டுமானால் அடுப்புத் திண்ணையில், நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஈரத் துணி போட்டு வையுங்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி: ஈஸ்ட்டைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்து, பச்சைத் தண்ணீரில் இரவே பிசைந்து, மூடி வைத்துவிட்டுத் தூங்குவது. மார்கழி, தை மாதத்தில் நம் குசினியே பிரிட்ஜ். காலையில் மெதுவாக எழும்பியிருக்கும், மணம் வேறு மாதிரி, கடைப் பாணில் இல்லாத லேசான புளிப்பு ஒன்று வரும். பெரட்டுக்கு (காலையில் தோட்ட வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிற வீட்டில் காலை நேரம் கிடைக்காதுதான், லீவு நாளில் செய்து பாருங்கள்.

எழும்பிய மாவை அமுக்கிக் காற்றை எடுத்து, உருட்டி, தட்டில் வைத்து, மறுபடி முக்கால் பங்கு எழும்பியதும் சட்டிக்குள். சூடு கேக்கைவிட அதிகம், முன்னே சொன்ன மாச் சோதனையில் மூன்று நிமிடத்தில் பழுப்பாகிற சூடு. முதல் பதினைந்து நிமிடம் நல்ல தணல், அப்புறம் தானாகக் குறைந்துகொண்டே போனாலும் பரவாயில்லை. பழைய பேக்கரிப் போறணையிலும் நடப்பது இதுதான்: உள்ளே விறகை எரித்து, செங்கல் சூடேறியதும் தணலை வாரி ஒதுக்கிவிட்டுப் பாணை வைப்பார்கள், சூடு இறங்க இறங்க வேகும், பாண் எடுத்த பிறகு மிஞ்சிய சூட்டில் மற்றதெல்லாம். நீங்களும் ஒரே தணலில் முதலில் பாண், அடுத்தது கேக் என்று வைத்தால் விறகு மிச்சம்.

முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் எடுத்து அடியில் விரலால் தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம் கேட்கவேண்டும். மந்தமான சத்தம் என்றால் கவிழ்த்து வைத்து இன்னும் ஐந்து நிமிடம். சூட்டோடு அறுக்காதீர்கள், உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், பாண் வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் வீட்டில் இந்த விதியை யாரும் இதுவரை மதித்ததில்லை, கட்டச் சம்பல் அரைத்து வைத்திருந்தால் எப்படி மதிப்பது.

இதே மாவைச் சின்ன உருண்டையாக்கினால் பணிஸ். உள்ளே செமன் டின்னையும் அவித்த கிழங்கையும் மிளகு போட்டுப் பிரட்டி வைத்து முக்கோணமாக மடித்தால் மீன் பணிஸ், மேலே முட்டை தடவுங்கள், இருபது நிமிடம் போதும். பிஸ்கட் மட்டும் சட்டியில் எனக்கு ஒழுங்காக வரவில்லை, ஒரு தடவைக்கு ஆறுதான் வைக்க முடிகிறது, மினக்கெடுகிற நேரத்துக்குக் கட்டாது.

எல்லாம் முடிந்த பிறகு மணலைக் கொட்டிவிடாதீர்கள். அது இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சூடாக இருக்கும். கைநிறையக் கச்சானை அள்ளிப் போட்டு, கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் கழன்று வரும். சலித்தெடுத்துவிட்டு, மணல் ஆறியதும் டின்னில் போட்டு மூடி வையுங்கள், ஈரம் ஏறாமல் இருக்க அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.